ஊர்ப் பூனைகளைக் கட்டுக்குள் வைக்கும் வகை

செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பு பூனைகளுக்கு மிகவும் வசதியானது. வானம் பார்த்த முற்றமும், ஒன்றோடொன்று தொடரும் ஓட்டுக் கூரைகளும், வரிசையான சாமான் அறைகளும் அவற்றுக்கு வழியும் மறைவிடமும் ஆகின்றன. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல பெரிய வீடுகள் வருஷத்தின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. ஆளில்லாத வீட்டில் குட்டி ஈனும் பூனையைக் கவனிப்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. கோழி வளர்ப்போருக்குக் குஞ்சு நஷ்டமாகிறது. நெல் மூட்டை அடுக்கி வைத்திருப்போரோ, பூனை இல்லாவிடில் எலி பெருகும் என்கின்றனர். இரு தரப்பிலும் உண்மை இருப்பதால், ஒழுங்குமுறை இன்னதென்று அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் பெருக்கத்தின் கணக்கைக் கவனிக்கவேண்டும். பெண் பூனை ஆறு மாத வயதிலேயே, சில சமயம் அதற்கு முன்பே, கருவுறக்கூடியது. கர்ப்ப காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாட்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் 3 முதல் 5 குட்டிகள். தீனி தாராளமாயிருந்தால் வருஷத்தில் இரண்டு மூன்று ஈற்றுகள் உண்டு. ஆகையால் சில பூனைகளைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விட்டு வருவது பரிகாரமாகாது. மீன் கழிவும் எச்சில் இலையும் தெருவில் கிடக்கும் வரையில், காலியான இடத்தை வேறு பூனைகள் நிரப்பிவிடும். தொல்லை அயலூருக்கும் பரவும்.

விஷம் வைப்பது இதனினும் தீது. கருவாட்டில் கலந்த எலி விஷத்தைக் கோழியும் நாயும் தின்னும். குழந்தையின் கைக்கும் அது எட்டும். சட்டமும் இதைப் பொறுப்பதில்லை. 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி, கெடுதல் செய்யும் நோக்கத்துடன் ஒரு பிராணியைக் கொல்வதும், அதற்கு விஷமிடுவதும், ஊனப்படுத்துவதும் 5 வருஷம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாம். பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் வருஷத்தியது. வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிப் பட்டினிக்கு ஆளாகும்படி கைவிடுவதையும் அது குற்றமாகக் கொள்கிறது.

2023-ஆம் வருஷத்திய பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களைப் பற்றியே விரிவாகக் கூறுகின்றன. எனினும் அவற்றில் அடங்கிய கொள்கை பூனைகளுக்கும் பொருந்தும். கூண்டு வைத்துப் பிடித்தல், கால்நடை மருத்துவரைக் கொண்டு கருத்தடை செய்வித்தல், வெறிநோய்த் தடுப்பூசி போடுவித்தல், பிடித்த இடத்திலேயே விடுதல் என்பதே அம்முறை. கருத்தடையான பூனையின் இடது காது நுனியைச் சிறிது நறுக்கி அடையாளமிடுவது உலகெங்கும் வழங்கும் பழக்கம். இதனால் ஒரே பூனையை மறுமுறை பிடிக்கும் வீண் சிரமம் நீங்கும்.

நோயைப் பற்றியும் சொல்லவேண்டும். வெறிநோய் நாய்க்கு மாத்திரம் உரியதன்று. பூனை கடித்தாலும் கீறினாலும் அது வரக்கூடும். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. ஆகவே காயத்தை உடனே சவுக்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தோலினுள் போடும் முறையில், முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28-ஆம் நாட்களில் தவறாது ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரத்தம் கசிந்த காயமாயின் தடுப்பூசியுடன் வேறு மருந்தும் தேவைப்படும். மஞ்சளோ சுண்ணாம்போ அப்பிக் காலம் கடத்தலாகாது. கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அப்புறப்படுத்தும் வேலையைப் பிறரிடம் விடவேண்டும். அதிலுள்ள ஒருவகை நுண்ணுயிர் கருவிலுள்ள சிசுவைத் தாக்கக்கூடும்.

நெல்லைக் காக்கப் பூனையை மாத்திரம் நம்புவதும் தவறு. பூனை சுண்டெலியையும் எலிக்குஞ்சையும் பிடிக்கும். வளர்ந்த பெருச்சாளியிடம் பெரும்பாலும் அணுகாது. கிடங்குக் கதவின் அடிப்பாகத்தில் தகரம் அறைதல், ஜன்னலுக்கு கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தல், மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளி மரக்கட்டைமேல் அடுக்குதல் ஆகியவையே நிலையான காப்பு. கோழிக்குஞ்சுக்கும் இரவில் மூடிய கூடே காவல்.

காரைக்குடி 2024-ஆம் வருஷத்தில் மாநகராட்சியாயிற்று. சுற்றுக் கிராமங்களில் பொறுப்பு ஊராட்சியைச் சார்ந்தது. தமிழ்நாட்டில் கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தினங்களில் கூடுகிறது. மீன் கழிவைக் குழியிலிடல், பூட்டிய வீட்டின் திறப்புகளை உடையவரைக் கொண்டு அடைத்தல், உணவிடுவோர் குழந்தைகள் விளையாடும் இடத்தை விட்டு விலகி ஓரிடத்தில் குறித்த நேரத்தில் இடுதல் என்பவற்றை அங்கே தீர்மானமாகக் கொண்டுவரலாம். இரண்டொரு கூண்டுகளைக் கூட்டாக வாங்கி முறைப்படி வழங்குவதும், கால்நடை மருத்துவரிடம் நாள் கேட்டு வைப்பதும் சங்கத்தார் செய்யத்தக்க உதவி.

ஒரு வீட்டார் கருத்தடை செய்வித்து, அடுத்த வீட்டார் குட்டிகளைத் தெருவில் விட்டால் பயனில்லை. நெல்லை விற்பதிலும் கடனைத் தீர்ப்பதிலும் கூடி உழைத்து நன்மை கண்டவர்கள், இச்சிறு காரியத்திலும் அவ்வாறே கூடினால், கோழியும் பிழைக்கும், நெல்லும் மிஞ்சும், வாயில்லாப் பிராணியும் வதைபடாது.