மேகம் போல மிதந்த பாவாடை... மேடையிலேயே பற்றிய தீ! விக்டோரியா காலத்து ‘டூட்டூ’வின் கதை

பாலே நடனம் என்றதும் கண்முன் வருவது எது? கால்விரல் நுனியில் நிற்கும் ஒரு பெண்ணும், அவள் இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் வெள்ளைப் பாவாடையும்தானே? அந்தப் பாவாடைக்குப் பெயர் ‘டூட்டூ’. பிறந்தநாள் கேக் மேல் நிற்கும் பொம்மை முதல் குட்டிப் பெண்களின் பார்ட்டி ஃபிராக் வரை இன்று எல்லா இடத்திலும் அதன் சாயலைப் பார்க்கலாம். ஆனால் 19-ம் நூற்றாண்டில் இந்த உடையை அணிந்து மேடை ஏறிய பெண்களுக்கு, அது அழகு மட்டுமல்ல, ஆபத்தும்கூட!

தேவதைக்குத் தைத்த உடை

1832, மார்ச் 12. பாரிஸ் ஓப்பராவில் ‘லா சில்ஃபீட்’ என்ற பாலே அரங்கேறியது. காற்றில் வாழும் தேவதையாக வந்தவர் மரீ டாலியோனி. நடனத்தை அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ டாலியோனி. இறுக்கமான மேல்சட்டை, அதற்குக் கீழே மணி போல விரிந்து கெண்டைக்கால் வரை இறங்கும் வெள்ளைப் பாவாடை. இந்த உடையை வடிவமைத்தவர் ஓவியர் யூஜின் லாமி என்று சொல்வார்கள்.

பாவாடையின் நீளத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. விரல் நுனியில் நின்று ஆடும் டாலியோனியின் பாதங்கள் ரசிகர்களுக்குத் தெரிய வேண்டும். அதே நேரம், தரையில் கால் படாமல் அவர் மிதப்பது போலவும் தோன்ற வேண்டும். இரண்டையும் சாதித்தது அந்தப் பாவாடை. இதைத்தான் இன்று ‘ரொமான்டிக் டூட்டூ’ என்கிறார்கள். அன்று அதற்கு அந்தப் பெயர் கிடையாது. ‘டூட்டூ’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததே 1880-களில்தான்.

ராணி வைத்திருந்த நாட்டியப் பொம்மைகள்

லண்டனிலும் டாலியோனிக்கு ரசிகர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர், இளவரசி விக்டோரியா! சிறுவயதில் அவரும் அவருடைய ஆசிரியை லேசனும் சேர்ந்து மரப் பொம்மைகளுக்கு உடை தைத்து விளையாடுவார்கள். மொத்தம் 132 பொம்மைகள். அவற்றில் பல, மேடையில் பார்த்த கலைஞர்களின் உருவங்கள். டாலியோனிக்கும் அதில் இடம் உண்டு.

1837-ல் விக்டோரியா 18 வயதில் ராணியானார். 1845-ல் டாலியோனி, கார்லோட்டா கிரிஸி, ஃபேனி செரிட்டோ, லூசில் கிரான் என்ற நான்கு நட்சத்திரங்களும் லண்டனில் ஒரே மேடையில் ஆடிய ‘பா தெ காத்ர்’ நிகழ்ச்சியையும் அவர் நேரில் பார்த்தார்.

வீதியில் பெண்களின் பாவாடை தரையைத் தொட வேண்டும் என்று எதிர்பார்த்த காலம் அது. ஆனால் மேடையில் கெண்டைக்கால் தெரிந்தால் அது கலை! நடனக் குழுவில் பின்வரிசையில் ஆடிய பெண்களில் பலர் ஏழை வீடுகளிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு வந்தவர்கள்.

அழகுக்குக் காரணமே ஆபத்துக்கும் காரணம்

இந்த உடை கொசுவலை போன்ற மெல்லிய துணிகளால் தைக்கப்பட்டது. மஸ்லின், காஸ், டூல் என்ற வலைத்துணி, கஞ்சி ஏற்றி விறைப்பாக்கிய டார்லடன் எனப் பல வகைகள். கையால் பின்ன வேண்டியிருந்த வலைத்துணியை இயந்திரத்தில் நெய்ய வழி கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட். 1809-ல் அவர் காப்புரிமை பெற்ற இயந்திரம் வந்த பிறகு, அந்தத் துணியின் விலை இறங்கியது. அடுக்கடுக்காக வைத்துத் தைப்பதும் எளிதானது.

சிக்கலும் அங்கேதான். மூடி வைத்த நோட்டுப் புத்தகம் மெதுவாகத்தான் எரியும். அதே தாள்களைப் பிரித்துப் போட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். டூட்டூவும் அப்படித்தான். மெல்லிய நூல், அடுக்குகளுக்கு நடுவே காற்று. பொறி பட்டால் சில விநாடிகளில் உடை முழுவதும் தீ பரவிவிடும்.

அன்றைய மேடை வெளிச்சமோ நிஜ நெருப்பு! எண்ணெய் விளக்குகளும், 1822-லேயே பாரிஸ் ஓப்பராவுக்கு வந்துவிட்ட எரிவாயு விளக்குகளும் மேடையின் விளிம்பிலும் பக்கவாட்டிலும் திறந்த சுடராக எரிந்தன. அந்த மங்கலான ஒளியில்தான் வெள்ளைப் பாவாடைகள் நிலா வெளிச்சம் போல மின்னின.

1844 டிசம்பரில், லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஆடிக்கொண்டிருந்த கிளாரா வெப்ஸ்டரின் உடை விளக்கில் பட்டுப் பற்றியது. பார்வையாளர்கள் கண்ணெதிரே நடந்த விபத்து. சில நாள்களில் அவர் இறந்தார். 1861-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், அரங்கின் உடை மாற்றும் அறையில் ஒரு பெண்ணின் ஆடையில் பிடித்த தீ மற்றவர்களுக்கும் பரவியது. ‘கேல்’ சகோதரிகள் உட்பட குறைந்தது ஆறு பேர் பலியானார்கள்.

பாதுகாப்பா, அழகா?

இதற்குத் தீர்வே இல்லையா? இருந்தது. துணியைப் படிகாரம் போன்ற உப்புகள் கலந்த கரைசலில் முக்கி எடுக்கும் முறையை பிரான்ஸின் கார்த்தரோன் என்பவர் உருவாக்கினார். 1859-ல் அரங்கத் துணிகளுக்கு இதைக் கட்டாயமாக்கி அரசு ஆணையும் வந்தது. ஆனால் கரைசலில் முக்கிய துணி விறைத்துப்போனது, வெண்மையும் மங்கியது. ‘மேகம்’ போல இருந்த பாவாடை அட்டை போல ஆகிவிட்டது என்று நடனப் பெண்கள் முகம் சுளித்தார்கள்.

அவர்களில் ஒருவர் எமா லீவ்ரி. டாலியோனியின் அருமைச் சிஷ்யை. இவருக்காகவே 1860-ல் ‘லெ பாப்பியோன்’ என்ற பாலேவை டாலியோனி உருவாக்கினார். சாதாரணப் பாவாடையில்தான் ஆடுவேன் என்று எமா எழுதியே கொடுத்துவிட்டார்.

1862, நவம்பர் 15. பாரிஸ் ஓப்பராவில் ஒத்திகை. மேடைக்கு வருவதற்கு முன் பாவாடையை உதறி விரித்தார் எமா. அந்தக் காற்றில் பக்கத்திலிருந்த எரிவாயுச் சுடர் தாவி, துணியில் பிடித்தது. அலறியபடி மேடையில் ஓடினார். தீயணைப்பு வீரர் நனைத்த போர்வையைப் போர்த்தி அணைப்பதற்குள் உடல் வெந்துவிட்டது. எட்டு மாதம் வலியோடு போராடி, 1863 ஜூலை 26 அன்று இறந்தார். வயது 20.

‘அந்தப் பெண்ணின் பிடிவாதம்தானே காரணம்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் எதிர்பார்த்தது தேவதையைத்தான். விறைத்த, மங்கிய உடையில் வந்தால் கைதட்டல் குறையும், வாய்ப்பும் குறையும். திறந்த சுடரை மேடையில் வைத்தது எமா அல்லவே!

பாவாடை குட்டையானது எப்படி?

1880-களுக்குப் பிறகு டூட்டூவின் உருவம் மாறியது. இத்தாலிய நடனக் கலைஞர்கள் வேகமான சுழற்சிகளையும் கடினமான கால் அசைவுகளையும் கொண்டுவந்தார்கள். நீளப் பாவாடை அந்த அசைவுகளை மறைத்தது. 1885-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்ற வர்ஜீனியா சூக்கி, பாவாடையைக் குட்டையாக்கி ஆடினார். 1893-ல் அங்கே பியரினா லெனியானி ஒற்றைக்காலில் நின்று தொடர்ந்து 32 முறை சுழன்று காட்டினார்!

வெளிச்சமும் மாறியது. 1881-ல் திறக்கப்பட்ட லண்டனின் சவாய் அரங்கம், முழுவதும் மின்விளக்குகளால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக் கட்டடம். மற்ற அரங்குகளும் மெல்ல மெல்ல மின்சாரத்துக்கு மாறின. மேடையிலிருந்து திறந்த சுடர் விலகியது. 1901-ல் விக்டோரியா மறைந்தபோது, அவர் பொம்மைக்கு உடுத்திப் பார்த்த நீளப் பாவாடைக்குப் பக்கத்திலேயே குட்டை டூட்டூவும் மேடையில் இடம்பிடித்திருந்தது.

எமா லீவ்ரியின் உடையில் எரியாமல் மிஞ்சிய சில துண்டுகள் மட்டும் பாரிஸ் ஓப்பராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.