சட்டை மாற்றும் கிருமி: மாடுகளுக்கு வரும் சர்ரா நோய்

மழைக்காலத்திலும் அதை அடுத்தும் சில மாடுகளுக்கும் எருமைகளுக்கும் காய்ச்சல் காணும். சில நாட்களில் தானே தணியும். மாடு தீவனம் எடுக்கும். நோய் தீர்ந்தது என்று எண்ணியிருக்கையில் மறுபடியும் காய்ச்சல் அடிக்கும். இப்படி விட்டுவிட்டு வரும் காய்ச்சலுடன் மாடு இளைத்து, பால் குறைந்து, இரத்தச் சோகையும் கால் வீக்கமும் கண்டால் சர்ரா நோயா என்று பார்க்க வேண்டும். சினை மாடு கன்று வீசுவதும், சில மாடுகள் வட்டமாகச் சுற்றி விழுவதும் உண்டு.

நோய்க்குக் காரணம்

'டிரிப்பனோசோமா இவான்சி' என்னும் ஒரு செல் ஒட்டுண்ணி இரத்தத்தில் நீந்தி வாழ்கிறது. 1880-ல் கிரிஃபித் இவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர், அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில் குதிரைகள், ஒட்டகங்களின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தார். இரத்தம் குடிக்கும் பெரிய கடி ஈக்கள் ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்கு இதைக் கொண்டுபோகின்றன.

காய்ச்சல் திரும்புவது ஏன்?

இக்கிருமியின் உடல் முழுவதையும் ஒரே வகைப் புரதம் சட்டை போல மூடியிருக்கிறது. மாட்டின் உடல் அந்தச் சட்டையை அடையாளம் கண்டு, எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிக் கிருமிகளை அழிக்கிறது. காய்ச்சல் தணிகிறது. ஆனால், அதற்குள் ஒருசில கிருமிகள் வேறு புரதச் சட்டைக்கு மாறியிருக்கும். பழைய எதிர்ப்புப் பொருள் இவற்றிடம் பலிக்காது. இவை பெருகியதும் காய்ச்சல் திரும்புகிறது. இதன் நெருங்கிய உறவான ஆப்பிரிக்கத் தூக்கநோய்க் கிருமியிடம் இத்தகைய சட்டைகளுக்கான மரபணுக்கள் 2,000 அளவில் உள்ளன. ஒரு நேரத்தில் ஒன்றே வேலை செய்யும்.

1910-ல் ரொனால்ட் ராஸும் டேவிட் தாம்சனும் தூக்கநோய் கண்ட ஒருவரின் இரத்தத்தில் நாள்தோறும் கிருமிகளை எண்ணி, அவை அலைபோல ஏறி இறங்குவதைக் காட்டினர். சட்டை மாறிக்கொண்டே இருப்பதால்தான் சர்ராவுக்கு இதுவரை தடுப்பூசி இல்லை.

செய்ய வேண்டியவை

* காய்ச்சல் ஏறியிருக்கும்போதே மாட்டின் இரத்தத்தைச் சோதிக்கச் செய்ய வேண்டும். தணிந்த நாளில் கிருமி கண்ணில் படாமல் போகலாம். ஒரு முறை தென்படவில்லை என்றால் மறுமுறையும் சோதிப்பது நல்லது.

* குயினாபிரமின் போன்ற மருந்துகள் உள்ளன. மாட்டின் எடைக்கு ஏற்ற முழு அளவைக் கால்நடை மருத்துவர் மூலமே போட வேண்டும். அளவு குறைந்தால் மிஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும்.

* ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியைக் கொதிக்க வைக்காமல் அடுத்த மாட்டுக்குப் போடக் கூடாது.

* தொழுவத்தருகே சேறும் தண்ணீரும் தேங்க விடாமல், ஈ மிகுந்த நாட்களில் புகை மூட்டம் போடலாம்.

* சந்தையில் வாங்கிய மாட்டைத் தனியே கட்டி, இரத்தம் சோதித்த பிறகே மற்ற மாடுகளுடன் சேர்க்க வேண்டும்.

காய்ச்சல் தானே விட்டதை வைத்து மாடு தேறிவிட்டதாக முடிவு செய்யலாகாது. முதல் காய்ச்சலிலேயே கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிச் செல்வது மாட்டையும் காக்கும், கறவையையும் காக்கும்.