ஆழ்கடலில் ஒரு நாமகரணம்

நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் பதினோராம் நாள் நாமகரணம் நடக்கிறது. தகப்பனார் குழந்தையின் காதில் பெயரைச் சொல்லுகிறார். பாட்டி தொட்டிலை ஆட்டி ஆசீர்வதிக்கிறாள். அதுவரையில் 'குழந்தை' என்று பொதுப்படையாகக் குறிப்பிடப்பட்ட அந்தச் சிறு ஜீவன், அன்று முதல் குடும்பத்தில் ஒரு நபராகிவிடுகிறது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அதற்கு ஓர் இடம் உண்டு. குடும்பச் சொத்தில் ஒரு பங்கு உண்டு. அநியாயம் நேர்ந்தால் நியாயஸ்தலத்தில் ஏறி நிற்கும் உரிமையும் உண்டு. பெயர் இல்லாதவனுக்கு இவற்றில் எதுவுமே கிடையாது.

மனிதக் குழந்தைக்கு மட்டுந்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். சூரிய வெளிச்சம் ஒருபோதும் எட்டாத கடலடியில் வாழும் நண்டுக்கும் இறாலுக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட ஒரு பிராணிக்கு நாமகரணம் நடந்த வரலாற்றையும், அதிலிருந்து நம் தேசத்தார் அறிய வேண்டியதையும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

மயிரடர்ந்த விருந்தாளி

2005-ஆம் ஆண்டு மார்ச் மாதம். பஸிபிக் சமுத்திரத்தின் தென் பகுதியில், ஈஸ்டர் தீவுக்குத் தெற்கே சுமார் 1,500 கிலோ மீட்டர் தூரத்தில், 'அட்லாண்டிஸ்' என்ற அமெரிக்க ஆராய்ச்சிக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து 'ஆல்வின்' என்ற சிறிய மூழ்கு கலம் கடலுக்குள் இறங்கியது. மூன்று பேர் மட்டுமே உட்காரக்கூடிய கலம் அது. அது போய்ச் சேர்ந்த ஆழம் ஏறக்குறைய 2,200 மீட்டர். அவ்வளவு ஆழத்தில் ஜலத்தின் அழுத்தம் நம் மேல் காற்று அழுத்துவதைப் போல் 220 மடங்கு இருக்கும்.

கலத்தின் விளக்கொளியில் ஒரு விசித்திரப் பிராணி தென்பட்டது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். நிறம் வெண்மை. நீண்ட முன்னங்கால்கள் இரண்டிலும் பட்டு நூல் போன்ற மயிர் அடர்ந்து தொங்கியது. இமயமலைப் பனியில் உலாவுவதாகக் கதைகளில் வரும் 'யெட்டி' என்ற மயிரடர்ந்த பனிமனிதனை நினைத்துக்கொண்டு, பத்திரிகைகள் பின்னால் இதற்கு 'யெட்டி நண்டு' என்று செல்லப் பெயர் வைத்தன.

ஆனால் இது உண்மையில் நண்டு அல்ல. நம் மீனவர்கள் பிடிக்கும் சிங்கி இறாலும் அல்ல. ஆங்கிலத்தில் 'ஸ்குவாட் லாப்ஸ்டர்' என்பார்கள். குந்தியிருக்கும் இறால் என்று பொருள். வாலை வயிற்றுக்கடியில் மடித்துக்கொண்டு குந்தினாற்போல் இருப்பதால் அந்தப் பெயர். பெயரில் இறால் இருந்தாலும், காலிச் சங்குக்குள் குடியேறித் திரியும் கடற்கரை நண்டுக்குத்தான் இது நெருங்கிய உறவு. குந்தும் இறால்களின் ஐந்தாவது ஜோடிக் கால்கள் மெலிந்து சிறுத்து உடம்போடு ஒட்டிக் கிடக்கும். நடப்பதற்கு அவை உதவா. செவுள்களைத் துடைத்துச் சுத்தம் செய்வதே அவற்றின் வேலை. உலகக் கடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குந்தும் இறால் இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன.

பெயர் வைப்பது எப்படி?

புதிய பிராணி அகப்பட்டது. உடனே ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதாதா? போதாது. இந்த நாமகரணத்துக்கும் சாஸ்திரம் உண்டு. அதன் விதிகள் கடுமையானவை.

பிராணிகளுக்கு இரட்டைச் சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ். அவர் 1758-இல் வெளியிட்ட நூற்பதிப்பையே உலகத்தார் இன்றும் தொடக்கமாகக் கொள்கிறார்கள். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல் அந்த இனத்துக்கே உரியது. முதலாவது சட்டம், வேறு யாரும் முன்பே பெயர் வைத்திருக்கக்கூடாது. ஆகவே இதுவரை எழுதப்பட்ட விவரங்களையெல்லாம் தேடிப் படித்து, காலுக்குக் கால், முள்ளுக்கு முள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தபடி, பிராணியின் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, சித்திரம் வரைந்து, வர்ணித்து, அச்சிட்டு வெளியிட வேண்டும். கடைசியாக, எந்த உடலைப் பார்த்து வர்ணித்தார்களோ அந்த உடலையே 'மூல மாதிரி' என்று குறித்து, ஒரு காட்சிச்சாலையில் பத்திரப்படுத்த வேண்டும். நூறு வருஷம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தால், அந்த மூல மாதிரியே சாட்சி.

மயிரடர்ந்த நமது பிராணியை ஆராய்ந்தவர்கள் மூவர்: ஸ்பெயின் தேசத்து என்ரிக் மக்பெர்ஸன், அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் ஜோன்ஸ், பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் ஸெகோன்ஸாக். அதன் கண்கள் நிறமற்ற வெறும் சவ்வாகக் குன்றியிருப்பதை அவர்கள் கண்டார்கள். ஐந்தாம் ஜோடிக் கால்கள் உடலில் பொருந்தியிருந்த விதமும் மற்றக் குந்தும் இறால்களில் காணாததாக இருந்தது. பரம்பரைக் கூறுகளையும் சோதித்துப் பார்த்தார்கள். இது புதிய இனம் மட்டுமல்ல, அறியப்பட்ட எந்தக் குடும்பத்திலும் சேராது என்பது முடிவாயிற்று. ஓர் இனத்துக்குப் பெயர் தேடப் போனவர்கள், ஒரு குடும்பத்துக்கே பெயர் வைக்க வேண்டியதாயிற்று!

2005-ஆம் ஆண்டின் இறுதியில், பாரிஸ் காட்சிச்சாலை வெளியிடும் விஞ்ஞானப் பத்திரிகையில் 'கிவா ஹிர்ஸூட்டா' என்ற பெயர் அச்சேறியது. 'ஹிர்ஸூட்டா' என்றால் லத்தீன் மொழியில் மயிரடர்ந்தது. 'கிவா' என்பது பாலினேசிய மக்களின் புராணத்தில் வரும் பெயர். நியூஜீலந்தின் மாவோரி மக்கள் பஸிபிக்கையே 'கிவாவின் மகா சமுத்திரம்' என்றுதான் தங்கள் மொழியில் அழைக்கிறார்கள். ஐரோப்பியப் பிரபுக்களின் பெயர்களே பிராணிகளுக்குச் சூட்டப்பட்ட காலம் ஒன்று உண்டு. இந்தப் பிராணிக்கோ, அது வாழும் கடலின் சொந்த மக்களுடைய பெயர் வாய்த்தது. இது மனத்துக்கு இதமான செய்தி அல்லவா?

பெயர் வந்த பின் அறிவு வந்தது

அந்த இருட்டில் இப்பிராணிகள் எதைத் தின்று வாழ்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை 1977-இல் தொடங்குகிறது. அந்த வருஷம் அதே 'ஆல்வின்' கலம், காலபகோஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுக்களைக் கண்டது. கடல்நீர் பாறைப் பிளவுகளின் வழியாகப் பூமிக்குள் இறங்கி, அங்குள்ள உஷ்ணத்தில் கொதித்து, தாதுப்பொருள்களையும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் ஸல்பைடையும் கரைத்துக்கொண்டு மேலே பீறிடுகிறது. நமக்கு விஷமான அந்தப் பொருளே சில பாக்டீரியாக்களுக்குச் சக்தி தரும் ஊற்று. செடி கொடிகளுக்கு வெயில் எப்படியோ, அவற்றுக்கு அது அப்படி. சூரியனை நம்பாத ஓர் அன்னசத்திரமே அங்கே நடக்கிறது.

கிவாவின் மயிரில் அந்தப் பாக்டீரியாக்கள் இழை இழையாகப் படிந்திருந்தன. அவை எதற்கு என்பது முதலில் ஊகமாகவே இருந்தது. 2011-இல் 'கிவா புராவிதா' என்ற இரண்டாவது இனம் வர்ணிக்கப்பட்டபோது புதிர் அவிழ்ந்தது. கோஸ்டாரிகா நாட்டுக்கு அப்பால், மீத்தேன் வாயு கசியும் கடலடியில் வாழும் இது, தன் முன்னங்கால்களைத் தாளம் போடுவது போல் ஓயாமல் அசைக்கிறது. பாக்டீரியாக்களுக்கு வேண்டிய வாயுக்கள் கலந்த நீர் புதிது புதிதாக வந்து சேர்வதற்காகவே இந்த ஆட்டம். பிறகு வாயருகே உள்ள சீப்புப் போன்ற உறுப்பினால் அவற்றை வாரி எடுத்து உண்கிறது. தன் உடம்பையே வயலாக்கிப் பயிர் செய்து, தானே அறுவடையும் செய்துகொள்ளும் குடியானவன் என்று இதைச் சொல்லலாம்.

2015-இல் 'கிவா டைலரி' வந்தது. தென்துருவக் கடலில் ஸ்கோஷியா முகட்டின் ஊற்றுக்களைச் சுற்றி, ஒரு சதுர மீட்டருக்கு 700 வரையில் இவை நெருக்கியடித்து மொய்க்கின்றன. 2016-இல் கொரியா தேசத்து விஞ்ஞானிகள் மற்றோர் இனத்தை வர்ணித்து, தங்கள் நாட்டு ஆராய்ச்சிக் கப்பலான 'ஆரவோன்' நினைவாக 'கிவா ஆரவோனே' என்று பெயரிட்டார்கள். ஓர் ஆசிய தேசத்துக் கப்பலின் பெயர் இவ்விதம் உயிர்நூலில் நிலைத்துவிட்டது.

பெயர் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

"இதெல்லாம் வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு விடை நமது இந்து மகா சமுத்திரத்திலேயே இருக்கிறது.

அங்குள்ள வெந்நீர் ஊற்றுக்களில், காலில் இரும்புச் செதில் கவசம் பூண்ட ஒரு நத்தை வாழ்கிறது. 2001-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் முறைப்படி வர்ணித்துப் பெயரிட்டது 2015-இல்தான். பதினான்கு வருஷ காலம் அது பெயரற்ற பிராணி. பெயர் கிடைத்த நான்காம் வருஷம், 2019-இல், அழியும் அபாயத்திலுள்ள பிராணிகளின் சர்வதேசச் செம்பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. ஆழ்கடல் சுரங்க வேலையினால் நேரக்கூடிய அபாயத்தைக் காரணமாகக் காட்டி அந்தப் பட்டியலில் ஏறிய முதற் பிராணி அதுவே. பெயர் இல்லாத காலத்தில் அதன் சார்பாக வழக்காட யாராலும் முடிந்திராது. பட்டியலில் எழுதுவதற்கு ஒரு பெயர் வேண்டாமா?

சுரங்க வேலை என்றோமே, அது என்ன? வெந்நீர் ஊற்றுக்கள் கக்கும் தாதுக்கள் கடலடியில் குவிந்து உறைகின்றன. அவற்றில் செம்பு, துத்தநாகம், வெள்ளி, தங்கம் எல்லாம் உண்டு. பல தேசங்களுக்கு அவற்றின்மேல் கண். நம் தேசமும் 2016-இல் சர்வதேசக் கடலடி அதிகார சபையோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்து மகா சமுத்திரத்து முகடுகளில் 10,000 சதுர கிலோ மீட்டர் பரப்பில், 15 வருஷ காலம் அத்தாதுக்களைத் தேடி ஆராயும் உரிமையை அது நமக்கு அளித்தது. இது தேடுவதற்கான உரிமையே, தோண்டுவதற்கானது அல்ல. ஆனால் தேடுவது எதற்காக என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செம்பும் தங்கமும் தேசத்துக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வீட்டை இடிப்பதற்கு முன்னால் உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது தர்மம் என்றுதான் சொல்லுகிறோம். ஓர் ஊற்றைச் சுற்றியுள்ள உயிர்க்கூட்டம் சில சமயம் ஒரு மைதான அளவுக்குள் அடங்கிவிடும். அங்கு மட்டுமே வாழும் இனம் ஒன்று இருந்து, அதற்குப் பெயரும் வைக்காமல் தோண்டிவிட்டால், அது இருந்தது என்பதற்கே அத்தாட்சி இராது.

நமக்கு ஒரு பரம்பரை உண்டு

இந்த வேலை பாரத தேசத்துக்குப் புதிதல்ல. 1888 முதல் 1892 வரையில் 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற கடல் அளவைக் கப்பலில் ஆல்காக் என்ற வைத்தியர் இயற்கை ஆராய்ச்சியாளராகப் பிரயாணம் செய்தார். வங்காள விரிகுடாவிலும், அந்தமான் கடலிலும், அரபிக் கடலிலும் ஆழத்தில் வலை போட்டு அள்ளிய பிராணிகளை அவர் வர்ணித்தார். 1894-இல் அவர் பெயரிட்ட ஒரு குந்தும் இறாலுக்கு 'முனிடா அந்தமானிகா' என்று பெயர். நம் அந்தமான் அதில் நிலைத்திருக்கிறது. 1901-இல் அவர் வெளியிட்ட ஆழ்கடல் இறால் வகைகளின் பட்டியல், கல்கத்தா இந்தியக் காட்சிச்சாலையில் சேர்ந்த பிராணிகளைப் பற்றியது. கப்பலும் அதிகாரமும் அந்நியருடையவையாக இருந்த காலம் அது. ஆயினும் அந்த மண்ணில் வேரூன்றிய காரியம் நின்றுவிடவில்லை; 1916-இல் இந்தியப் பிராணி அளவை நிலையம் கல்கத்தாவில் பிறந்தது.

இப்போது கப்பலும் நம்முடையது, அதிகாரமும் நம்முடையது. 2021-இல் மத்திய அரசாங்கம் ஆழ்கடல் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. அத்திட்டத்தின்கீழ், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்லும் 'மத்ஸ்யா 6000' என்ற கலத்தை நமது சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிலையம் வடிவமைத்திருக்கிறது. கேட்கும்போதே பெருமையாக இருக்கிறது.

ஆனால் கலம் மட்டும் போதுமா? அதன் கண்ணாடி வழியே பார்க்கிறவர்களில், "இது புதியது!" என்று அறிந்து சொல்லக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். அவர் கொண்டு வந்ததை முள்ளுக்கு முள் எண்ணி வர்ணிக்கப் பொறுமையுள்ள இளைஞர்களும் யுவதிகளும் கரையில் வேண்டும். இந்தச் சாஸ்திரத்தில் பெரும் பணமோ புகழோ இல்லை. பூதக்கண்ணாடியும் நிதானமுமே மூலதனம். கடற்கரைக்குப் போனால் கிளிஞ்சலை விட்டு நகர மறுக்கும் குழந்தை உங்கள் வீட்டில் இருக்கிறதா? அதைக் கோபித்து இழுத்து வராதீர்கள். நாளைக்கு நம் கடலின் ஆழத்திலிருந்து பெயரில்லாமல் ஒரு ஜீவன் வரும்போது, அதற்கு நாமகரணம் செய்து வைக்கப் போவது ஒருவேளை அந்தக் குழந்தையாகவே இருக்கலாம்.