கச்சான் காற்றும் காரின் நாசியும்

கீழைக் கரையில் வாழும் நமக்குக் காற்று என்பது வெறுங்காற்று அன்று. அதற்குத் திசையுண்டு, பெயருண்டு, குணமும் உண்டு. வடக்கிருந்து வருவது வாடை. கிழக்குக் கடலிலிருந்து வருவது கொண்டல். தெற்கிருந்து வருவது சோழகம். மேற்கிருந்து வருவது கச்சான். மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் இக்கரையிலே மீனவர் தோணி தள்ளியதும், உழவர் களவெட்டியில் நெல் தூற்றியதும் இந்நான்கின் குணத்தையும் அறிந்தே.

இவற்றுள் கடுங்குணம் வாய்ந்தது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் நீரையெல்லாம் மழையாக இறக்கிவிட்டு, மலை கடந்து கீழ்ச்சரிவில் இறங்குகையில் வரண்டு, வெம்மை மிகுந்து நம்மை வந்தடைகிறது. மலையிறங்கு காற்றுகளைப் பற்றிப் பேசும் வானிலை அகராதிகளில் 'கச்சான்' என்ற நம்மூர்ப் பெயரே இடம் பெற்றிருப்பது பலர் அறியாத செய்தி.

அக்காற்று வெறுங்கையோடு வருவதில்லை. வயல் வட்டைகளின் காய்ந்த மண், கதிரறுக்கும் யந்திரம் எழுப்பும் சுணை, நெடுஞ்சாலைப் புழுதி, டீசல் புகை ஆகிய அனைத்தையும் வாரிக்கொண்டு வருகிறது. அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அவ்வுமியை எரித்தால் அதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மணலுக்கும் கண்ணாடிக்கும் மூலமாயுள்ள அதே பொருளே அது.

இத்தகைய காற்றில் காரில் செல்வோர் என்ன செய்கின்றனர்? கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தை முடுக்குகின்றனர். புழுதி வெளியே நின்றுவிட்டது, நாம் உள்ளே தப்பினோம் என்று எண்ணுகின்றனர். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஒரு தாளின் கதை

எட்டு வயதான என் மகளுக்கு இழுப்பு நோயுண்டு. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் வீட்டில் ஓரளவு நலமாக இருந்த பிள்ளை, காரில் ஏறிக் கால் மணி நேரம் செல்வதற்குள் இருமத் தொடங்கிவிடுவாள். கண்ணாடியை இன்னும் இறுக்கி மூடினோம். இருமல் இன்னும் கூடியது. குளிர்சாதனத்தைப் போட்டால் பழைய கந்தல் துணியின் வாடை வீசியது. வண்டியைப் பராமரித்த கராஜில் கேட்டபோது, ஒவ்வொரு தடவையும் 'ஏசி பில்டர்' துப்புரவு செய்யப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். பற்றுச்சீட்டிலும் அவ்வாறே எழுதியிருந்தது. துப்புரவு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

பின்னர் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த பிற்பகலில், மாமர நிழலில் வண்டியை நிறுத்தி நானே திறந்து பார்த்தேன். வெளிவந்த பொருளைக் கண்டு திகைத்தேன். வெண்மையாய் இருந்திருக்க வேண்டிய தாள் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. மடிப்புகளுக்கிடையே வேப்பஞ் சருகு, நெற்சுணை, ஒரு வண்டின் ஓடு, நடுவிலே ஈரம் பட்டுப் பூஞ்சணம் பூத்த வட்டம். ஆண்டுக்கணக்காகக் காற்றடித்து மீண்டும் செருகப்பட்ட தாள் அது. அருகில் நின்ற மகள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இதையா வாப்பா நாம இவ்வளவு நாளும் மூச்சில இழுத்த?" என்றாள். அவளுக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை.

காரில் காற்று வடிகட்டிகள் இரண்டு உண்டு. ஒன்று யந்திரத்துக்கு, மற்றொன்று மனிதருக்கு. முன்னதை நாம் மறப்பதில்லை. அது அடைபட்டால் யந்திரத்தின் வலு குறையும். பின்னதை நம்மிற் பலர் கண்டதே இல்லை. முன்கண்ணாடியின் அடியிலுள்ள துவாரங்கள் வழியே இழுக்கப்படும் காற்றாயினும், உள்ளேயே சுழலும் காற்றாயினும், பெரும்பாலான கார்களில் இந்த ஒரு தாளைக் கடந்தே நம் முகத்தில் வீசுகிறது. காரின் நாசி என்று இதனைச் சொல்வது பொருந்தும். நாள்தோறும் ஐவேளை வுழூச் செய்கையில் நாசிக்குள் நீர் செலுத்திக் கழுவும் பழக்கமுடைய நாம், இந்த நாசியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கவனித்தோமா?

இவ்வமைப்பு அண்மைக்கால ஆடம்பரமும் அன்று. அமெரிக்காவின் நாஷ் மோட்டார் நிறுவனம் 1938 ஆம் ஆண்டிலேயே வெளிக்காற்றை வடிகட்டி, வெம்மையூட்டி, வண்டிக்குள் செலுத்தும் முறையைக் கொண்டு வந்தது. குளிர்நாட்டார் வெம்மைக்காகத் தேடிய வழி, வெப்பநாட்டாரான நமக்குக் குளிர்ச்சியோடு வந்து சேர்ந்தது.

நெய்யாத துணி

வடிகட்டி என்றதும் அரிதட்டை நினைப்பது இயல்பு. கண்ணறையிலும் பெரியது நிற்கும், சிறியது விழும் என்பது அரிதட்டின் நீதி. வடிகட்டித் தாளின் நீதி வேறு. மருதமுனையின் கைத்தறியிலே பாவும் ஊடும் ஒழுங்காகப் பின்னிக் கண்ணறைகள் ஒரே அளவாய் அமையும். இத்தாளோ நெய்யப்படாத துணி. நுண்ணிழைகள் ஒழுங்கின்றி ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து, வைக்கோற் போர் போலக் கிடக்கும். இழைகளுக்கிடையிலுள்ள வெளி, பிடிபடும் தூசியைக் காட்டிலும் பெரிது. ஆயினும் தூசி பிடிபடுகிறது.

காற்று ஓர் இழையைச் சுற்றி வளைந்து செல்லும்போது, பாரமான பெருந்துகள் அதனோடு வளைய இயலாமல் நேரே சென்று இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய துகளோ காற்றின் அணுத்திரள்களால் இடிபட்டு அங்குமிங்கும் தள்ளாடி, ஏதேனும் ஓர் இழையைத் தொட்டுவிடுகிறது. 1827 இல் ரொபேட் பிரவுண் நீரிலே கண்டு வியந்த, 1905 இல் ஐன்ஸ்டைன் காரணம் விளக்கிய அதே தள்ளாட்டம் இது. பெரியதும் பிடிபடும், மிகச் சிறியதும் பிடிபடும், இடைப்பட்டதே எளிதில் தப்பும். ஏறத்தாழ 0.3 மைக்கிரோன் அளவை அண்டிய துகள்களே பிடிக்க அரியவை என்பர் விஞ்ஞானிகள். மனிதத் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்கிரோன் என்பதை நினைத்தால் அதன் நுண்மை விளங்கும். இவ்விடைப்பட்ட துகள்களையும் ஈர்ப்பதற்காகத் தரமான தாள்களில் இழைகளுக்கு நிலைமின்னேற்றம் ஊட்டப்படுகிறது. சிலவற்றில் நாற்றத்தையும் ஆவிகளையும் ஈர்க்க உயிர்ப்பூட்டிய கரியும் சேர்க்கப்படுகிறது.

இனித் துப்புரவு என்ற சொல்லுக்கு வருவோம். நீரில் அலசினால் மின்னேற்றம் குன்றும், தாள் சிதையும். அமுக்கிய காற்றை அடித்தால் இழைகள் கிழியும். மேலே கிடந்த புழுதி பறக்க, நுண்துகள் இன்னும் ஆழத்தில் இறங்கும். கரியின் கொள்ளளவு நிறைந்துவிட்டால் காற்றடித்து அதனை மீட்க முடியாது. தூசி நிறைந்த தாள் மேலும் இறுக்கமாகத் தானே தூசியைப் பிடிக்கும் என்று வாதிப்போரும் உளர். அது ஓரளவு மெய்யே. ஆனால் காற்றோட்டம் தடைப்பட்டால் காற்று ஓரத்து இடைவெளிகளைத் தேடும், விசிறி திணறும், குளிர் குறையும், மழைநாளில் முன்கண்ணாடியின் ஆவி விலகாது, ஈரம் தங்கிப் பூஞ்சணம் வளரும். ஆதலின் இதனை மாற்றுவதே முறை.

மாற்றும் முறை

நம் வீதிகளில் ஓடும் பெரும்பாலான ஜப்பானியச் சிறு கார்களில் இவ்வடிகட்டி இடப்புற ஆசனத்துக்கு முன்னே, 'டாஷ்போட்' பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் யந்திரத்தையும் விசிறியையும் நிறுத்துக. பெட்டியிலுள்ள பத்திரங்களையும் பழைய பற்றுச்சீட்டுகளையும் எடுத்துவிடுக. பெட்டி தடாலென விழாமல் தாங்கும் சிறு கம்பியோ கயிறோ ஒரு பக்கத்தில் இருந்தால் அதனைக் கழற்றுக. பின்னர் பெட்டியின் இருபக்கச் சுவர்களையும் இரு கைகளால் உள்நோக்கி அமுக்கினால் அது தன் தடையைத் தாண்டிக் கீழே இறங்கும். உள்ளே நீள்சதுர மூடி ஒன்று தென்படும். அதன் ஓரக் கொக்கியை விரலால் அழுத்தி இழுத்தால் மூடி வரும். அதன் பின்னே தாள் இருக்கும். இழுக்கும்போது சாய்க்காமல் மட்டமாக இழுக்க வேண்டும். இல்லையேல் மேலே கிடக்கும் சருகுகள் விசிறிக்குள் விழும். இழுப்பு நோயுள்ளவர் இவ்வேளையில் அருகில் நிற்றலாகாது. நான் அன்று செய்த பிழைகளுள் அதுவும் ஒன்று.

புதிய தாளை வைக்கையில் அம்புக்குறியைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். 'அப்' என்று எழுதிய குறி மேற்பக்கம் எது என்பதைக் காட்டும். 'ஏர் புளோ' என்று எழுதிய குறி காற்று செல்லும் திசையைக் காட்டும். இரண்டும் ஒன்றல்ல. காற்று மேலிருந்து கீழ் செல்லும் வண்டிகளில் பின்னைய குறி கீழ்நோக்கியே இருக்க வேண்டும். பழைய தாள் இருந்த விதத்தைப் பின்பற்றலாம் என்றால், அதைச் செருகியவர் சரியாகச் செருகினார் என்பதற்கு என்ன உறுதி? வண்டியின் கைந்நூலைப் பார்ப்பது மேல். தாள் நெருக்கமாகப் பொருந்த வேண்டும். மடங்கினால் ஓரத்தில் வழி உண்டாகி, வடிகட்டி இருந்தும் இல்லாததாகிவிடும். சில மலிவு வகைக் கார்களில் இத்தாள் பொருத்தப்படாமலே வருவதும் உண்டு. திறந்து பார்த்தாலன்றி அது தெரியாது. கற்றுக்கொண்டபின் முழு வேலைக்கும் பத்து நிமிடம் போதும்.

பழைய தாளின் மடிப்புகளை எண்ணிப் பார்த்தேன், 25 இருந்தன. சேலையின் கொசுவத்தைப் பிரித்தாற்போல் அதனை விரித்தால் ஒன்றேகால் மீற்றர் நீளம் வந்தது. ஒரு சாண் சட்டத்துக்குள் அவ்வளவு பரப்பையும் மடித்து வைத்த கைத்திறன் வியக்கத்தக்கது. பார்த்து முடிந்ததும் உதறாமல், எரிக்காமல், பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்தினேன்.

எப்போது மாற்றுவது? 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. புழுதி மிகுந்த இடங்களில் அதற்கு முன்னரே வேண்டும். நம் கரைக்கு நம் போகங்களே நல்ல நாட்காட்டி. கச்சான் ஓய்ந்து, சிறுபோக அறுவடை முடிந்து, மாரி தொடங்குமுன் மாற்றினால் தூசி ஏறிய தாள் ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடிக்காது. பெரும்போக அறுவடை முடிந்தபின் மறுமுறை திறந்து பார்த்துக்கொள்ளலாம். 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில் பழைய வண்டிகளையே பேணி ஓட்டப் பழகிய நமக்கு இது பெரிய காரியம் அன்று.

இத்தாளின் எல்லையையும் அறிதல் வேண்டும். நச்சுப்புகையான காபனோரொட்சைட்டை இது தடுக்காது. ஆதலின் நின்ற வண்டியில் யந்திரத்தை ஓடவிட்டு உறங்குதல் ஆகாது. நெடுநேரம் உட்காற்றையே சுழலவிட்டால் நம் மூச்சின் கரியமில வாயு பெருகித் தூக்கம் வரும். புழுதியுள்ள இடத்தைக் கடந்தபின் வெளிக்காற்றுக்கு வழி திறந்துவிட வேண்டும்.

தாள் இல்லாதவர்கள்

தாளை மாற்றியபின் என் மகளின் இருமல் பெரிதும் தணிந்தது. ஆயினும் அவள் கேட்ட வினா என்னை விட்டபாடில்லை. அந்தக் கறுத்த தாள் காரின் அழுக்கையா காட்டிற்று? நம் ஊர்க் காற்றின் கணக்கை அல்லவா காட்டிற்று! 2.5 மைக்கிரோனுக்கு உட்பட்ட துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்வன. அவை ஒரு கனமீற்றர்க் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் வரையறுத்தது. கண்ணாடிக்குள் அமர்ந்தவனுக்கு இடையில் ஒரு தாள் நிற்கிறது. கதிரறுக்கும் யந்திரத்தின் பின்னே சாக்குப் பிடிப்பவனுக்கும், ஆலையில் உமி அள்ளுபவனுக்கும், வீதியோரம் நெல் உலர்த்தும் பெண்ணுக்கும் அவரவர் நுரையீரலே அந்தத் தாள். என் தாளைக் கடையில் வாங்கி மாற்றிக்கொண்டேன். அவர்களுடையதை எங்கே சென்று வாங்குவது? போதாக்குறைக்கு, நான் விரைந்து செல்கையில் என் வண்டி எழுப்பும் புழுதியும் அவர்கள்மீதே படிகிறது.

இதற்குச் செய்யத்தக்கவை இல்லாமல் இல்லை. உலரும் நெல்லைக் கடக்கையில் வேகத்தைக் குறைக்கலாம். உமிச் சாம்பலை நனைத்து மூடி அள்ளலாம். ஆலைப் புகைபோக்கியில் சாம்பல் பிடிக்கும் சாதனம் பொருத்தலாம். வேலை செய்வோருக்குத் தக்க முகமூடி வழங்கலாம். ஆசிரியர்கள் தம் வகுப்பறைக்கு ஒரு பழைய வடிகட்டியைக் கண்ணாடிப் போத்தலில் மூடி எடுத்துச் சென்று காட்டினால், எந்தப் பாடநூலும் சொல்லாததை அது சொல்லும்.

எனக்கும் சிறிது வயல் உண்டு. சிறுபோக அறுவடைக்கு முன் காருக்கு ஒரு வடிகட்டியும், வயலில் நிற்போருக்கு ஆளுக்கொரு முகமூடியும் ஒரே நாளில் வாங்குவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். நாட்காட்டியில் அந்நாளைக் குறித்து வைத்தவள் என் மகள்.