விளக்கம்: லினக்ஸ் கெர்னலில் இடம் மாறிய பூட்டு, சாதாரணப் பயனரும் நிர்வாகியாகும் ஆபத்து

இயங்குதளத்தின் மையப்பகுதி 'கெர்னல்' எனப்படுகிறது. அதிலுள்ள டிரைவர் ஒன்றில் நேரும் சிறு பூட்டுப் பிழைகூட முழுக் கணினியையும் பறிகொடுக்கச் செய்யலாம் என்பதற்கு, லினக்ஸில் 2020-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட 'சிவிஇ-2020-29661' என்ற பாதுகாப்புக் குறைபாடு சான்றாகும்.

பூட்டு எதற்கு?

இரு பணிகள் ஒரே தரவை ஒரே கணத்தில் மாற்றினால் கணக்கு பிழைபடும். இதைத் தவிர்க்க, தரவை மாற்றும் முன் அதற்குரிய 'பூட்டை' ஒரு பணி எடுத்துக்கொள்ள வேண்டும். அது விடுவிக்கும் வரை மற்றொன்று காத்திருக்கும்.

பிழை என்ன?

கட்டளைகளை உள்ளிட உதவும் 'டெர்மினல்' வசதியை டிடிஒய் டிரைவர் நிர்வகிக்கிறது. மென்பொருள் வழியே உருவாக்கப்படும் டெர்மினலுக்கு இரு முனைகளும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டும் உண்டு. ஆனால், முன்னணியில் இயங்கும் பணிக்குழு எது என்ற விவரம் ஒரு முனையில் மட்டுமே பதிவாகிறது. எனவே, அந்த முனையின் பூட்டையே எப்போதும் எடுக்க வேண்டும். மாறாக, கோரிக்கை வந்த முனையின் பூட்டை டிரைவர் எடுத்தது.

ஒரே அறைக்கு இரு வாசல்கள் இருக்க, இருவர் தத்தம் வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே தனியாக இருப்பதாக எண்ணிய நிலை இது.

விளைவு என்ன?

ஒரு தரவை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்பதைக் கெர்னல் எண்ணி வருகிறது. இரு முனைகளிலிருந்தும் ஒரே கணத்தில் கோரிக்கை வந்தால், அந்த எண்ணிக்கை ஒன்றுக்குப் பதிலாக இரண்டு குறையக்கூடும். இதனால், பயன்பாட்டில் உள்ள நினைவகப் பகுதியே காலியானதாகக் கருதப்பட்டு விடுவிக்கப்படும். அவ்விடத்தைத் தாக்குபவர் தமக்குச் சாதகமாக நிரப்பிக்கொள்ளலாம்.

இக்குறைபாட்டைக் கண்டறிந்த கூகுளின் 'புராஜெக்ட் ஜீரோ' குழு ஆய்வாளர் யான் ஹார்ன், டெபியன் 10 இயங்குதளத்தில் இதன்மூலம் 'ரூட்' எனப்படும் முழு நிர்வாக அதிகாரத்தைப் பெற முடியும் என்பதை 2021 அக்டோபரில் விளக்கினார். கணினியில் ஏற்கெனவே நுழைந்தவரால் மட்டுமே இத்தாக்குதலை நடத்த இயலும். எனினும், பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சர்வர்களில் இது கடும் ஆபத்தாகும்.

தீர்வு

லினக்ஸ் கெர்னல் 5.9.13 வரையிலான பதிப்புகளில் இக்குறைபாடு இருந்தது. சரியான முனையின் பூட்டை எடுக்குமாறு நிரலைத் திருத்தியதே தீர்வாக அமைந்தது. திருத்தம் சிறிதாயினும், அது கணினியில் நிறுவப்பட்டால்தான் பலன் தரும். எனவே, பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாமல் நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்வது அவசியம்.