மரை கழன்ற மேட்டர்!

வடக்குப்பட்டு தெரியுமா பாஸ்? ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர். 2022-ல் தொல்லியல் துறை தோண்டினப்போ கற்காலக் கருவிகள் கிடைச்ச மண். அதைச் சுத்தித்தான் இன்னிக்கு பைக்கும் காருமா தயாராகி வெளியே வருது. திருவொற்றியூரில் 1950-களில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, 2013-ல் ஒரகடத்துக்கும் 2017-ல் வல்லம் வடகாலுக்கும் கிளை விட்டுச்சு. யமஹாவும் வல்லம் வடகாலில் இருக்கு.

ஃபேக்டரியில் ஸ்க்ரூவை முடுக்க, எவ்வளவு இறுக்கணும்னு கணக்கா செட் பண்ணின கருவி உண்டு. அதே ஸ்க்ரூ இருபது வருஷம் கழிச்சு ‘வரமாட்டேன் போ’ன்னு அடம்பிடிச்சா? உங்க கையும் ஸ்க்ரூடிரைவரும்தான்!

அப்பா ஓட்டின ஆர்.எக்ஸ். 100-ஐ தூசி தட்டி எடுக்கறீங்கனு வெச்சுக்கோங்க. 1985-ல் வந்து 1996-ல் நின்னுபோன வண்டி. கிளட்ச் கவரைக் கழட்ட ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வெச்சு ஒரே திருகு... சர்ரக்! ஸ்க்ரூ அசையலை. தலையில இருந்த ப்ளஸ் குழிதான் வழிச்சுக்கிட்டுப் போச்சு. ஸ்க்ரூ போனா கடையில வாங்கிக்கலாம். கேஸிங் உடைஞ்சா? நல்ல ஒரிஜினலுக்கு ஊரெல்லாம் அலையணும்.

ஏன் இப்படி? ஜப்பானிய ஸ்க்ரூவின் ப்ளஸ் குழியும், நாம வாங்கற பிலிப்ஸ் டிரைவரும் பார்க்க ஒண்ணுபோல இருந்தாலும் ஒண்ணு இல்லை. பிலிப்ஸ் முனை அடிவரைக்கும் உட்காராது, வழுக்கும். ஜே.ஐ.எஸ். முனைதான் பொருந்தும். இன்னொரு வில்லன், உப்பும் ஈரமும். ஸ்க்ரூ இரும்பு, கேஸிங் அலுமினியம். ரெண்டும் ஈரத்துல சேர்ந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். மரைக்குள்ளே சிமென்ட் போட்ட மாதிரிதான்!

முதல் வழுக்கலிலேயே கையை எடுத்துடுங்க, அதுதான் பாதி வெற்றி. குழியில இருக்கற அழுக்கை ஊசியால நோண்டுங்க. துரு எடுக்கற ஸ்ப்ரே அடிச்சு ராத்திரி முழுக்க ஊறவிடுங்க. அடுத்து இம்பாக்ட் டிரைவர். பின்னாடி சுத்தியலால அடிச்சா, அமுக்கிக்கிட்டே திருகும். அமுக்கம் இருக்கறதால வழுக்காது. இடப்பக்கம் செட் பண்ணியாச்சான்னு பார்த்துட்டு அடிங்க... இல்லேன்னா இன்னும் இறுகிடும்!

அசையலையா? ஸ்ப்ரேயைத் துடைச்சுட்டு, சுத்தியும் ஹாட் ஏர் கன்னால சூடேத்துங்க. அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், பிடி தளரும். பக்கத்துல பெட்ரோல் இருக்கக் கூடாது, இது விளையாட்டில்லை.

தலை முழுசா போயிடுச்சுன்னாலும் கலங்காதீங்க. 6 மி.மீ. ஸ்க்ரூன்னா, அதைவிடத் துளி பெரிய பிட்டால நடுவில டிரில் பண்ணி, தலையை மட்டும் கழற்றுங்க. கவர் வந்துடும். உள்ளே மிச்சமிருக்கற தண்டு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். தலையோட இறுக்கம் போயிட்டதால, கிரிப் பிளையரால பிடிச்சா பல சமயம் சாதுவா சுத்திட்டு வரும். பார்க்கறவன் மேஜிக்னு நினைப்பான்!

தண்டும் உள்ளேயே ஒடிஞ்சா எக்ஸ்ட்ராக்டர்னு ஒண்ணு இருக்கு. முதல் தடவையே அதை நம்பாதீங்கன்னுதான் நான் சொல்வேன். ரொம்பக் கடினமான இரும்பு அது. உள்ளே முறிஞ்சா சாதா பிட் அதைத் தொடக்கூட முடியாது. நேரா லேத் பட்டறைக்குப் போயிடுங்க. மரை கெட்டிருந்தாலும் அங்கே ஹெலிகாயில் போட்டுக் கொடுப்பாங்க.

திரும்ப மாட்டும்போது மரையில கொஞ்சம் ஆன்டி-சீஸ் தடவுங்க, அளவா முடுக்குங்க. ஆலன் போல்ட் போடறவங்க ஜாக்கிரதை, அதுல பலம் கொடுக்கறது ரொம்ப ஈஸி, அலுமினிய மரை பிய்ஞ்சுடும்.

அப்புறம், ஒரு அட்டையில கவரோட படத்தை வரைஞ்சு, கழட்டின ஸ்க்ரூவை அந்தந்த இடத்துல குத்தி வையுங்க. எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை ஓட்டைக்குள்ள நீள ஸ்க்ரூவைத் திணிச்சா அடியில முட்டி கேஸிங் விரிசல் விடும்!