அப்பா வைத்த கிருஷ்ணசூடா

எங்கள் பெஹாலா வீட்டு வாசலில் நின்ற கிருஷ்ணசூடா மரத்தை நம் சங்கத்து அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். "சிவப்புப் பூ மரம் இருக்கிற வீடு" என்றுதான் ரிக்‌ஷாக்காரருக்கு வழி சொல்வோம். நம் ஊரில் மயில்கொன்றை என்பார்கள். லேக் மார்க்கெட் பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் பல வருஷங்கள் ஓட்டிவிட்டு, 1974-இல் இங்கே வீடு கட்டியதும் அப்பா செய்த முதல் காரியம் இந்தக் கன்றை நட்டதுதான். அப்பா காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு சித்திரையிலும் மரம் பூத்ததும், "உங்கப்பா வந்துட்டார் பார்" என்பாள் அம்மா. அந்த மரத்தை வெட்டிய கதை இது.

2020 மே 20-ஆம் தேதியை கல்கத்தாவாசிகள் யாரும் மறக்க முடியாது. ஆம்பன் புயல் அடித்த நாள். டம்டம்மில் காற்று மணிக்கு 133 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றை அப்புறப்படுத்த ராணுவம் வர வேண்டியிருந்தது. அதிகம் விழுந்தவற்றில் கிருஷ்ணசூடாவும் ராதாசூடாவும் உண்டு. பூ அழகாக இருக்குமே தவிர, கிருஷ்ணசூடாவுக்கு வேர் ஆழம் போகாது. கட்டையும் உறுதி கிடையாது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம்.

எங்கள் மரம் விழவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அங்கே ஒரு மாஷிமா தனியாக இருக்கிறார். அவருடைய ஓட்டுக்கூரை சமையலறை நேராக மரத்துக்குக் கீழே. வேர்ப்பக்கம் மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். வெட்டிவிடலாம் என்று நான் வாயெடுத்தாலே அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். நானும் தள்ளிப் போட்டேன். பூஜை முடிந்து பார்த்தால் அதே விரிசலில் கையே நுழைந்தது. அடிமரத்தில் காளான் வேறு தட்டுத் தட்டாகப் பூத்திருந்தது.

அப்போதுதான் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிக்காரர். கிதர்பூர் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கயிறு, கப்பி என்றால் அவருக்கு அத்துப்படி. வந்தவர் மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். கம்பியால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, விழ வைக்கது பெரிய காரியம் இல்ல. எங்க விழ வைக்கோம்ங்கதுதான் வேலை. ஆனா மொதல்ல அம்மா சம்மதிக்கணும்லா?" என்றார்.

அம்மா விடவில்லை. "ஷிப்பூர் தோட்டத்து ஆலமரத்துக்கு எத்தனை வயசு! புயலெல்லாம் அடிச்சும் அதைக் காப்பாத்தி வச்சிருக்காங்களே. இதை மட்டும் ஏன் முடியாது?" என்றாள்.

நம் குழந்தைகளைப் பிக்னிக் கூட்டிப்போகும் அதே ஆலமரம்தான். 1864, 1867 புயல்களில் அடிபட்டு, பிறகு காளான் நோய் தாக்கி, அதன் தாய்மரத்தையே 1925-இல் அறுத்து எடுத்துவிட்டார்கள். விழுதுகள் தாங்குவதால் இன்றும் நிற்கிறது. "ஆலமரத்துக்கு விழுது இருக்கும்மா. இதுக்கு அந்த வசதி இல்லையே" என்றார் அண்ணாச்சி. அதற்கு மேல் வாதம் செய்யவில்லை. "வாங்கம்மா, மாஷிமா வீட்டுல ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்று கூட்டிப்போனார்.

அந்தச் சமையலறையில் ஒரு சின்ன மோடாவில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே ஓட்டு இடுக்கு வழியாகக் கிளை தெரிகிறது. காற்று லேசாக வீசினால் ஓட்டில் உரசும் சத்தம். மாஷிமா, ராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து முன்னறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வதாகச் சிரித்தபடியே சொன்னாராம். அதுவரை எங்களிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "வெட்டிடுப்பா. உங்கப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்வார்" என்றாள்.

பிறகு காகித வேலை. மேற்கு வங்கத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த வீட்டு மரமானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. மரத்தின் புகைப்படங்களோடு மனு கொடுத்தோம். அனுமதி வந்தபோது தை பிறந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. மாசியில இலையெல்லாம் உதிர்ந்து பாரம் குறையும். கால்பைசாகி காத்து வரதுக்குள்ள முடிச்சிரலாம்" என்றார் அண்ணாச்சி.

மரம் ஏற ஆள் வேண்டுமே? அவர் நேராக ஜாய்நகர் பக்கம் போய், பேரீச்ச மரத்தில் சாறு இறக்கும் ஒரு 'ஷியூலி'யை அழைத்து வந்தார். குளிர்காலம் முடிந்தால் அவர்களுக்கு அந்த வேலை இல்லை. "நம்மூர்ல பனையேறி, இங்க ஷியூலி. இடுப்புக் கயித்தோட பொறந்தவங்க" என்றார். மோட்டார் பட்டறை ஒன்றிலிருந்து செயின் பிளாக் இரவல் வந்தது. எங்கள் வீட்டு மூலையில் இருக்கும் பலாமரத்தில் சங்கிலியைக் கட்டினார். பட்டை காயப்படாமல் இருக்கச் சுற்றிலும் சணல் சாக்கு. மின்சார நிறுவனத்துக்குச் சொல்லி ஒயரைக் கழற்ற வைத்தோம். மாஷிமாவைக் காலையிலேயே எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

அம்மா மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். கூடு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த ஆள் ஏறினார். ஒவ்வொரு கிளையையும் கயிற்றால் கட்டி, மேல் கவட்டில் கயிற்றைப் போட்டு, அறுத்த பின் மெல்ல இறக்கினோம். கீழே கயிற்றைப் பிடித்தது நானும் தெருப் பையன்கள் நான்கு பேரும். ஒரு கிளைகூட ஓட்டில் படவில்லை.

மறுநாள் மொட்டை மரம். சாய்ந்த பக்கத்துக்கு எதிராக, சந்துப் பக்கம் விழ வைக்க வேண்டும். விழ வேண்டிய பக்கம் வாய் வெட்டி, பின்பக்கம் சற்று மேலே ரம்பம் போட்டு, நடுவில் கொஞ்சம் கட்டையைக் கீல் போல விடுவது என்பது திட்டம். அடியில் இரண்டு வெட்டு விழுந்ததுமே கறுப்புப் பொடி கொட்டியது. அண்ணாச்சி கையைத் தூக்கி நிறுத்தினார். உள்ளே முழுக்கப் பொந்து. "இதுல கீல் நிக்காது தம்பி. அறுத்தோம்னா அதுபாட்டுக்கு இஷ்டத்துக்குச் சாயும். ஆப்பு புடுங்குன குரங்கு கதையாப் போயிரும்."

திட்டத்தை அந்த இடத்திலேயே மாற்றினார். அடியை விட்டுவிட்டு, மேலே கட்டை உறுதியாக இருக்கும் இடத்திலிருந்து துண்டு துண்டாக அறுக்கச் சொன்னார். ஒவ்வொரு துண்டையும் செயின் பிளாக் சந்துப் பக்கம் இழுத்துப் பிடித்தது. இடுப்பளவு அடிக்கட்டை மிஞ்சும்போது மாலை மணி ஐந்து. அத்தனை நேரம் என் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. மாஷிமாவின் கூரையில் ஓர் ஓடு நகரவில்லை.

அம்மா வந்து அந்தப் பொந்தை வெகுநேரம் பார்த்தாள். "உள்ளே இவ்வளவு அழுகியும் ஒரு வருஷம்கூடப் பூக்காம இருந்ததில்லையே" என்றாள். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டருகே சாய்ந்த மரம் இருந்தால் அடி மண்ணையும் காளானையும் ஒருமுறை கவனியுங்கள். அண்டை வீட்டுக்காரர் கேட்கவில்லை என்பதால் அவருக்குப் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணாச்சியைப் போல ஒருவர் கூட இல்லாமல் ரம்பத்தைத் தொடாதீர்கள்.

வெட்டியதற்கு ஈடாக, மைதானத்து ஓரத்தில் வேப்பங்கன்றுகள் நட்டோம். வாசலில் ஒரு கறிவேப்பிலை. அது யார் கூரையையும் எட்டாது. இப்போது முற்றத்தில் நல்ல வெயில். அடிக்கட்டையின் மேல் பலகை போட்டு அம்மா வடாம் காய வைக்கிறாள். காக்காய் விரட்ட மாஷிமாவும் வந்து கூட உட்கார்ந்துகொள்கிறார்.